வயர்லெஸ் தெர்மோஸ்டாட்: சிக்னல் போனால் என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், அடுத்த ஒரு மாதத்திற்கு எது கெட்டாலும் பழி அந்தக் கம்ப்யூட்டர் மேல்தான் விழும். டிவியில் படம் ஆடினாலும், போனில் இரைச்சல் கேட்டாலும், "இது வந்ததிலிருந்துதான் இப்படி" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பழி போட்டவர்களில் நானும் ஒருவன்.

லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். 2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டிற்குப் புது டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும் வயர்லெஸ் ரவுட்டரும் வந்தன. மறுநாள் ஞாயிறு இரவு, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் தானாக நின்றுவிட்டது. அதிகாலை 3 மணிக்குக் குழந்தை அழுது எழுந்தபோதுதான் கவனித்தோம். ஹாலில் 13 டிகிரி. வெளியே பூஜ்யத்திற்கும் கீழே.

குளிர்காலத்தில் வீட்டிற்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. எங்கள் வீட்டிலோ நான்கு மாதக் குழந்தை. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவிற்கு 71 வயது; குளிர் என்றால் மூச்சு வாங்கும். ஆகவே இது "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடிய கோளாறு அல்ல.

அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு நாட்கள் ஆயின. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எங்கே தவறினேன் என்று சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். நம் ஊரில் ஹீட்டிங் தேவையில்லாதவர்களும் படிக்கலாம். வை-பி சரியாக வராத வீட்டிற்கும் இதே வைத்தியம்தான்.

இது எப்படி வேலை செய்கிறது?

இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் கேஸில் எரியும் பாய்லர் ஒன்று இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்கி, குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அறை போதிய அளவு சூடாகிவிட்டதா என்று பார்த்து, பாய்லரை ஓடச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் தெர்மோஸ்டாட்டின் வேலை.

முன்பு தெர்மோஸ்டாட்டிலிருந்து பாய்லர் வரை சுவருக்குள் ஒயர் போகும். வயர்லெஸ் வகையில் ஒயர் கிடையாது. இரண்டு பெட்டிகள் இருக்கும். ஹாலில் இருக்கும் சிறிய பெட்டிதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். பாய்லர் பக்கத்தில் இருப்பது ரிசீவர். இது 230 வோல்ட் மின் இணைப்பில் ஓடும். தெர்மோஸ்டாட் ரேடியோ அலையில் "ஆன் செய்" என்று சொன்னால், ரிசீவருக்குள் இருக்கும் ரிலே "டிக்" என்ற சத்தத்துடன் பாய்லரை இயக்கும்.

கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால், தெர்மோஸ்டாட் கீபோர்டு மாதிரி. ரிசீவர் சிபியு மாதிரி. வயர்லெஸ் கீபோர்டில் பேட்டரி தீர்ந்தாலோ சிக்னல் போனாலோ, சிபியு நன்றாக இருந்தும் திரையில் எழுத்து வராது அல்லவா? இதுவும் அதே கதைதான்.

சிக்னல் வரவில்லை என்றால் ரிசீவர் என்ன செய்யும்? சில மாடல்கள் பாய்லரை அடியோடு நிறுத்திவிடும். சில மாடல்கள், வீடு உறைந்துவிடாமல் இருக்க அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டும். என்னுடையது முதல் வகை. ஒரு மணி நேரம் வரை தெர்மோஸ்டாட்டிடமிருந்து செய்தி வராவிட்டால் சிவப்பு விளக்கு மின்னும், பாய்லர் நின்றுவிடும்.

முதல் வைத்தியம்: பேட்டரி

அன்று இரவு சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். ரிசீவரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. எங்கள் பாய்லர் வெந்நீரையும் ஹீட்டிங்கையும் சேர்த்துக் கவனிக்கும் காம்பி வகை. ஆகவே பாய்லர் நன்றாக இருக்கிறது, கேஸும் வருகிறது, சிக்னல்தான் இல்லை என்பது அப்போதே தெரிந்தது. விடியும்வரை ஒரு சிறிய மின்சார ஹீட்டரை வைத்துச் சமாளித்தோம்.

திங்கட்கிழமை புதிய பேட்டரிகள் போட்டேன். விளக்கு பச்சைக்கு வந்தது. இரவு முழுவதும் ஹீட்டிங் ஓடியது. "பேட்டரிதான். வேலை முடிந்தது" என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய் இரவு மறுபடியும் நின்றது.

இரண்டாவது வைத்தியம்: ரவுட்டரை அணைப்பது

புதன்கிழமை காலை என் மனைவி, "என்னங்க, சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? இந்தக் கம்ப்யூட்டர் வந்ததும்தானே ஆரம்பிச்சது?" என்றாள். நியாயமான கேள்வி. ரவுட்டரும் ரேடியோ அலை, தெர்மோஸ்டாட்டும் ரேடியோ அலை. ஒன்றை ஒன்று கெடுக்கிறதோ?

அன்று இரவு ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் படுத்தோம். ஹீட்டிங் விடியும்வரை ஓடியது. வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வைத்தேன். ஆன்லைனில் வாங்கியதால் 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை உண்டு.

வியாழன் இரவும் ரவுட்டரை அணைத்தே வைத்தேன். ஹீட்டிங் நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் ரவுட்டர் மேல் சந்தேகப்பட அவ்வளவு காரணம் இல்லை. வை-பி இயங்குவது 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். புதிய ரவுட்டர்களில் 6 கிகா ஹெர்ட்ஸிலும். ஐரோப்பாவில் விற்கும் வயர்லெஸ் தெர்மோஸ்டாட்களில் பெரும்பாலானவை இயங்குவது 868 மெகா ஹெர்ட்ஸில். சில பழைய மாடல்கள் 433 மெகா ஹெர்ட்ஸில். எப்எம் ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் பாடும்போது வேறு எண்ணில் இருக்கும் ஸ்டேஷன் கெடுவதில்லை அல்லவா? அது போலத்தான்.

ஆனால் இரண்டையும் ஒட்டி வைக்கக் கூடாது. மின்சாதனங்கள் எல்லாமே கொஞ்சம் இரைச்சலைக் கிளப்பும். டிவி, கம்ப்யூட்டர், ரவுட்டர் போன்றவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. சிம் கார்டு போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர் வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பாவின் 4ஜி அலைவரிசைகளில் ஒன்றில், நம் கருவி டவருக்குப் பேசுவது 832 முதல் 862 மெகா ஹெர்ட்ஸ் வரை. இது 868-க்குப் பக்கத்து வீடு. அந்த ரவுட்டரை ரிசீவர் அருகில் வைக்காதீர்கள்.

மூன்றாவது வைத்தியம்: மறுபடியும் ஜோடி சேர்ப்பது

வெள்ளிக்கிழமை ஹீட்டிங் வேலை செய்யும் ஒருவருக்குப் போன் செய்தேன். விவரம் கேட்டுவிட்டு, "வயர்லெஸ் சமாச்சாரம் எல்லாம் இப்படித்தான். இரண்டு பெட்டியையும் மாற்றிவிடலாம்" என்று ஒரு தொகை சொன்னார். எங்கள் ஒரு வார மளிகைச் செலவை விட அதிகம். திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

அதற்குள் நானும் ஒரு முயற்சி செய்தேன். தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தில் இருந்த மாடல் எண்ணைப் புதுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து தேடி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கையேட்டை பிடிஎப் பைலாக டவுன்லோட் செய்தேன். 40 பக்கம். முழுவதும் படிக்கத் தேவையில்லை. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எப் கீயைத் தட்டினால் தேடும் கட்டம் வரும். வேண்டிய சொல்லை டைப் செய்தால் அது இருக்கும் இடத்திற்கே போகலாம்.

அதில் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, ரிசீவரில் இருக்கும் பட்டனை அழுத்தினால் தெர்மோஸ்டாட் இல்லாமலே ஹீட்டிங்கை ஓட வைக்கலாம். முதல் இரவே இது தெரிந்திருந்தால் யாரும் நடுங்கியிருக்க வேண்டாம். பெரும்பாலான ரிசீவர்களில் இந்த வசதி உண்டு. உங்கள் வீட்டு ரிசீவரில் எந்தப் பட்டன் என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். (வேலை முடிந்ததும் மறக்காமல் அணைக்க வேண்டும்.)

மற்றொன்று, இரண்டு பெட்டிகளையும் மறுபடி ஜோடி சேர்க்கும் முறை. பக்கத்து வீட்டிலும் இதே மாடல் இருந்தால், அவர்கள் தெர்மோஸ்டாட் நம் பாய்லரை இயக்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அடையாளம் இருக்கிறது. புளூடூத் ஹெட்செட்டைப் போனுடன் சேர்ப்பது போலத்தான். தெர்மோஸ்டாட்டைச் சமையலறைக்கு எடுத்துப் போய், கையேட்டில் சொன்னபடி செய்தேன். பச்சை விளக்கு வந்தது. வெள்ளி இரவு நன்றாக ஓடியது.

சனி இரவு நின்றது.

நோட்பேடில் ஒரு டைரி

இதற்கிடையில் உருப்படியாக ஒரு காரியம் செய்திருந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து, இரவில் குழந்தை பாலுக்கு எழும்போதெல்லாம் ரிசீவர் விளக்கைப் பார்த்துக் குறித்து வந்தேன். ரவுட்டரை அணைத்திருந்த இரவுகளில் தாளில் எழுதிக் காலையில் ஏற்றினேன். மற்ற நாட்களில் நேராகக் கம்ப்யூட்டரிலேயே.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். விண்டோஸில் நோட்பேடைத் திறந்து எப்5 கீயை அழுத்துங்கள். அந்த நேரத்து மணியும் தேதியும் தானாகவே அங்கே பதிவாகும். பக்கத்தில் நான்கு வார்த்தை எழுதி சேவ் செய்தால் போதும். தூக்கக் கலக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து டைப் செய்ய வேண்டியதில்லை.

ஞாயிறு காலை அந்தப் பைலை உரக்கப் படித்தேன். ஞாயிறு நின்றது. திங்கள் ஓடியது. செவ்வாய் நின்றது. புதன் ஓடியது. வியாழன் நின்றது. வெள்ளி ஓடியது. சனி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. என்னுடைய மூன்று வைத்தியங்களும் தலா ஒரு நாள்தான் பலித்திருக்கின்றன. நான் எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அந்த இரவுகளில் ஹீட்டிங் ஓடியிருக்கும்! ஒருநாள் விட்டு ஒருநாள் நிற்கிறது என்றால், வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் நடப்பது என்ன?

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா, நான் துணி தோய்ச்சுக் காயப் போடற நாளா இருக்கே எல்லாம்?"

இரண்டு பெட்டிகளுக்கு இடையில் என்ன இருக்கிறது?

இங்கே குளிர்காலத்தில் துணி வெளியே காயாது. குழந்தைத் துணி, போர்வை எல்லாவற்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் போட்டு, இரவு 10 மணிக்கு மேல் இரும்புக் கம்பி ஸ்டாண்டில் விரித்துவிடுவார் அம்மா. ஸ்டாண்ட் இருக்கும் இடம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடை. அங்கே ஒரு ரேடியேட்டர் இருப்பதால் சீக்கிரம் காயும் என்று.

ஆனால் அந்த ஸ்டாண்ட் டிசம்பரிலும் அங்கேதான் இருந்தது. அப்போது ஹீட்டிங் நிற்கவில்லை. அப்படியானால் சனிக்கிழமை மாறியது என்ன?

மாறியது தெர்மோஸ்டாட்டின் இடம். அது முன்பு ஹால் கதவருகே ஒரு மர அலமாரியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கதவு, நடை, சமையலறை எல்லாம் ஒரே நேர்க்கோடு. கம்ப்யூட்டர் மேஜைக்கு இடம் வேண்டும் என்று அந்த அலமாரியை நகர்த்திவிட்டு, தெர்மோஸ்டாட்டை மூலையில் இருந்த இரும்பு பைலிங் கேபினட் மேல், பிரின்டருக்குப் பின்னால் வைத்தது நான்தான். சில அடி தூரம்தானே என்று நினைத்தேன். அந்த மூலையிலிருந்து ரிசீவருக்கு நேர்க்கோடு போட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையின் பெரிய பிரிட்ஜ் நிற்கிறது.

ரேடியோ அலைக்கு மரமும் ஜிப்சம் பலகையும் பெரிய தடை இல்லை. செங்கல் சுவர் கொஞ்சம் குறைக்கும். கான்கிரீட் அதிகம் குறைக்கும். உலோகம் ஏறக்குறைய முழுவதும் தடுத்துத் திருப்பிவிடும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நேர்வழியை பிரிட்ஜ் அடைத்துவிட்டதால், கதவு வழியாகச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்த பலவீனமான அலைதான் ரிசீவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வழியில் இரும்புக் கம்பிகளும் ஈரத் துணியும் வந்து நின்றதும் அதுவும் போயிற்று.

868 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34.5 செ.மீ. கம்பிகளுக்கு இடையே உள்ள சந்து அதை விட மிகச் சிறியதாக இருந்தால், கண்ணுக்குத்தான் அது சந்து. அலைக்கு ஏறக்குறைய தட்டி மாதிரி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட்டின் குரல் மிகவும் மெல்லியது. ஐரோப்பிய விதிப்படி 868 முதல் 868.6 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டையில் ஒரு கருவி 25 மில்லி வாட்டுக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. 2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-பிக்கு அங்கே 100 மில்லி வாட் வரை அனுமதி. அதோடு, பொதுவாக நேரத்தில் ஒரு சதவிகிதம் மட்டுமே பேசலாம். அதாவது ஒரு மணி நேரத்தில் 36 வினாடி. எல்லாக் கருவிகளுக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி இது. தெர்மோஸ்டாட் அந்த அளவு கூடப் பேசுவதில்லை. அதனால்தான் இரண்டு பேட்டரியில் ஒரு வருடத்திற்கு மேல் ஓடுகிறது.

சோதித்துப் பார்த்தேன்

இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன். ஞாயிறு மதியம் தெர்மோஸ்டாட்டைக் கேபினட் மேலேயே விட்டுவிட்டு, ஈரத் துணியுடன் ஸ்டாண்டை நடையில் வைத்தேன். ஒரு மணி நேரத்திற்குப் பிறகு சிவப்பு விளக்கு. ஸ்டாண்டை எடுத்தேன். சிறிது நேரத்தில் பச்சை. ஸ்டாண்டை மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு.

பிறகு தெர்மோஸ்டாட்டை ஹால் கதவருகே மரத் தட்டில் வைத்தேன். ஸ்டாண்டைத் துணியோடு நடையிலேயே விட்டேன். அன்று இரவு முழுவதும் பச்சைதான். மூன்று இரவு அப்படியே விட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

திங்கட்கிழமை வரவிருந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியைப் பரணுக்கு அனுப்பினேன். செலவு, ஒரு மரத் தட்டும் இரண்டு ஸ்குரூவும். அதன் பிறகு வந்த குளிர்காலத்திலும் ஒரு தடவை கூடச் சிக்னல் போகவில்லை. பிரச்சினை இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நான் எட்டு நாளாகப் பெட்டிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை, வரிசையாக

1. வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். காம்பி பாய்லராக இருந்து வெந்நீர் வந்தால், பாய்லர் எரிகிறது என்று அர்த்தம்.

2. ரிசீவரில் உள்ள பட்டனை அழுத்துங்கள். "டிக்" சத்தம் கேட்டு ஹீட்டிங் தொடங்கினால் ரிசீவரும் அதன் இணைப்பும் சரி. வீடும் சூடாகத் தொடங்கும். மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

3. தெர்மோஸ்டாட்டை எடுத்து வந்து ரிசீவருக்கு இரண்டு, மூன்று மீட்டர் தூரத்தில் வைத்து, வெப்ப அளவை ஐந்து டிகிரி கூட்டுங்கள். சில மாடல்கள் பதில் சொல்ல ஒரிரு நிமிடம் எடுக்கும், காத்திருங்கள். இங்கே வேலை செய்து, பழைய இடத்தில் செய்யவில்லை என்றால் கோளாறு வழியில்தான்.

4. பக்கத்திலேயே வைத்தும் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் வகை 1.2 வோல்ட்தான். அதனால் சார்ஜ் செய்யும் வகையைப் போட வேண்டாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். திரையில் எழுத்து தெரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சிக்னல் அனுப்பும்போதுதான் அதிக மின்சாரம் தேவைப்படும்.

5. அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் ஜோடி சேர்க்கும் வேலையில் இறங்குங்கள். உங்கள் மாடலின் கையேடு கையில் இருக்க வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும்.

6. வழியில்தான் கோளாறு என்று தெரிந்தால், அண்மையில் வீட்டில் நகர்த்தியது எது, புதிதாக வந்தது எது என்று பட்டியல் போடுங்கள். பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, இரும்பு பீரோ, பிரிட்ஜ், வெள்ளித் தாள் ஒட்டிய இன்சுலேஷன் பலகை எல்லாம் சந்தேகத்திற்கு உரியவை. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதை மறக்க வேண்டாம்.

7. தெர்மோஸ்டாட்டைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். வெயில் படும் இடம், ரேடியேட்டர் பக்கம் கூடாது. கம்ப்யூட்டரின் சூடான காற்று வெளியேறும் பக்கமும் கூடாது. அந்தச் சூட்டைக் கண்டு, "அறை சூடாகிவிட்டது" என்று தெர்மோஸ்டாட் தவறாக நினைத்துக்கொள்ளும். ரிசீவரை உலோகப் பொருட்களிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. பாய்லரின் உலோக உறையும் இதில் சேர்த்தி.

8. சில மாடல்களில் சிக்னல் பலத்தைக் காட்டும் சோதனை வசதி இருக்கிறது. கையேட்டில் தேடிப் பாருங்கள். இருந்தால், சுவரில் துளை போடுவதற்கு முன் அதை வைத்து இடத்தை முடிவு செய்யலாம்.

தொடக் கூடாதவை

ரிசீவரின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. அதை இடம் மாற்ற வேண்டுமானால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாய்லரின் உறையைக் கழற்றவே கூடாது. பிரிட்டனில் கேஸ் சாதனங்களில் கை வைக்க, கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே அனுமதி. 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பதில் தவறில்லை. இரண்டாவது சோதனையில் பட்டனை அழுத்தியும் பாய்லர் எரியவில்லை என்றால், தேடுவதை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்டர்நெட்டில் இணையும் தெர்மோஸ்டாட் என்றால்

இப்போது செல்போனிலிருந்தே இயக்கும் தெர்மோஸ்டாட்கள் நிறைய வந்துவிட்டன. இவற்றில் பலவற்றில் இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்கும். ஒன்று வை-பி வழியாக இன்டர்நெட்டிற்கு. மற்றொன்று ரிசீவருக்கு. எது அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். போனில் தெரியவில்லை, ஆனால் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் ஹீட்டிங் ஓடுகிறது என்றால், இன்டர்நெட் பக்கம்தான் கோளாறு. ரவுட்டரையோ பாஸ்வேர்டையோ மாற்றிய பிறகு இப்படி ஆவது சகஜம். இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-பியில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வை-பிக்கும் இதே பாடம்

ஹீட்டிங்கே இல்லாத வீட்டிலும் ரவுட்டர் இருக்கிறது. அதை இரும்பு பீரோ மேலோ, டிவிக்குப் பின்னாலோ, தரையிலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4 கிகா ஹெர்ட்ஸ் நல்லது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இயங்குகிறது. பால் சூடாகும் நேரத்தில் மட்டும் வீடியோ நின்று நின்று வந்தால் காரணம் அதுதான்.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகா ஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012-ல் விளக்கமாக ஒரு கட்டுரை வெளியிட்டது. மவுஸின் சிறிய ரிசீவரை, ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்தில் போடாமல், தள்ளி இருக்கும் வேறு துளையில் போட்டுப் பாருங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். ஒரு நாள் சரியாக ஓடியது என்பதற்காகக் கோளாறு தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எழுதி வைத்ததை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படியுங்கள். வீட்டில் என்ன, எப்போது, எங்கே இருக்கிறது என்பது நம்மை விட வேறு யாருக்காவது நன்றாகத் தெரிந்திருக்கும்.